ஜெரஜாக் தீவருகே நங்கூரமிடும் பெற்றோர்களுக்கு



பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கடலில் தூண்டில் போட அழைத்துச் செல்லும் பெற்றோர் பினாங்கில் பலர். பத்து மாவுங்கில் படகெடுத்து, ஜெரஜாக் தீவின் ஓரமாக நங்கூரமிட்டு, நீரோட்டம் தணியும் வேளைக்குக் காத்திருக்கின்றனர். கெலாமா கிடைத்தாலே மகிழ்ச்சி. கொடுவா சிக்கினால் திருவிழாதான். மிக நல்ல பழக்கம் என்பேன். ஏற்றவற்றத்தை வகுப்பறையில் விளக்க நாம் படும் பாடு நமக்குத்தானே தெரியும்!

ஆனால், எதிரே நிற்கும் அத்தீவைப் பற்றி எத்தனை படகுகளில் பேச்சு எழுகிறது? 1868-இல் அங்குத் தொழுநோயாளர் இல்லம் அமைந்தது. பின்னர்த் தொற்றுநோய்த் தடுப்பு முகாமும் எழுந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் முன்னோர் பலர், பினாங்கு மண்ணை மிதிக்குமுன் அங்கேதான் தடுத்து வைக்கப்பட்டனர். கப்பலில் பெரியம்மையோ வாந்திபேதியோ கண்டுவிட்டால் காத்திருப்பு மேலும் நீண்டது. 1969 முதல் 1993 வரை அது சிறைத்தீவு. பிள்ளைகள் ஏதேனும் கேள்விப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் இந்தச் சிறைக்கதையாகவே இருக்கும்.

மீனுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் கால் மணி போதும். பாட்டனார் வந்தது ரஜூலா கப்பலிலா, வேறொன்றிலா, தீவில் எத்தனை நாள் இருந்தார் என வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவந்து, பிள்ளைகளே படகில் சொல்லட்டும். அப்பயணத்தை நினைவில் வைத்திருப்போர் இன்று மிகச் சிலரே. அடுத்த விடுமுறைவரை காத்திராமல் இவ்வாரமே கேட்கச் சொல்லுங்கள்.