வளையலை அடகு வைக்கும் முன்...

தி.நகர் பஸ் ஸ்டாண்டில், 'ஆறே மாதத்தில் பொது சுகாதாரச் சான்றிதழ். அரசு வேலை நிச்சயம்' என்று நோட்டீஸ் கொடுக்கிறார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் என் மருமகள், "வளையலை வச்சு சேரட்டுமா அத்தை?" என்றாள். "முதல்ல விசாரிம்மா" என்றேன்.

சான்றிதழுக்கு மதிப்பு இல்லாமல் இல்லை. 2018-ல் ஆயுஷ்மான் பாரத் நலவாழ்வு மையங்கள் அறிவிக்கப்பட்டபோது, நர்ஸ்கள் இடைநிலை சுகாதாரப் பணியாளராக உயர, இக்னோ நடத்திய 6 மாத சமூக சுகாதாரச் சான்றிதழ் கைகொடுத்தது. ஆனால், அதில் சேரவே நர்ஸ் படிப்பும் பதிவும் வேண்டும். வெறும் சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் உதவும்!

தருவது எந்தப் பல்கலைக்கழகம், அரசு வேலைக்கு ஏற்பார்களா? நர்ஸ்களைப் பதிவு செய்யும் குழுமம் நம் மயிலாப்பூர் சாந்தோம் நெடுஞ்சாலையில்தானே இருக்கிறது! ஒரு நடை போய்க் கேளுங்கள். பணத்தைக் கட்டிட்டு அப்புறம் அழுவானேன், சகோதரிகளே?

- ஒரு வாசகி, மயிலாப்பூர்