ஹெட் போல்டும் இழுவிசையும்

சிலிண்டர் ஹெட் போல்ட் இறுகும்போது கொஞ்சம் நீளுகிறது. நீண்ட உருக்கு பழைய அளவுக்குத் திரும்ப இழுக்கும் விசைதான் ஹெட்டையும் கேஸ்கெட்டையும் புளொக்கோடு அழுத்திப் பிடிக்கிறது. டோர்க் ரென்ச் அந்த இழுவிசையை அளப்பதில்லை. கை கொடுக்கும் முறுக்கை மட்டுமே அளக்கிறது. அந்த முறுக்கில் ஏறத்தாழப் பாதி போல்ட் தலைக்கு அடியிலுள்ள உராய்விலும், 40 வீதம் வரை மரையின் உராய்விலும் போய்விடும். இழுவிசையாக மிஞ்சுவது 10 வீதம் அளவுதான். மரையில் துருவோ மணலோ இருந்தால் அந்தப் பத்தும் குறையும். ரென்ச் வழக்கம்போல 'டிக்' என்று சொல்லிவிடும், ஹெட் பிடித்திருக்காது.

ஹெட்டைத் தூக்கும் விசை சிறிதல்ல. டொல்பின் வான்களில் வரும் டொயோட்டா 3எல் எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 96 மி.மீ. எரிதலின் உச்ச அழுத்தத்தை 80 பார் என்று கொண்டால், ஒரு சிலிண்டர் மட்டும் ஹெட்டை ஏறக்குறைய 6 தொன் விசையோடு மேலே தள்ளுகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் இது 1,500 தடவை நடக்கிறது. போல்ட்டின் இழுவிசை குறைந்த பக்கத்தில் கேஸ்கெட் நெளியத் தொடங்கும், பிறகு அங்கேயே எரியும்.

கல்முனைக்குடி போன்ற கரையோர ஊர்களில் வேலையின் பெரும்பங்கு இறுக்குவதற்கு முன்பே இருக்கிறது. உப்புக்காற்று கழற்றி வைத்த போல்ட்டை ஓரிரு நாளிலேயே பழுப்பாக்கிவிடும். ரேடியேட்டரில் கூலண்ட் இல்லாமல் உவர்க் கிணற்று நீரை ஊற்றி ஓடிய எஞ்சினில், நீர்வழியைச் சுற்றி ஹெட்டின் அலுமினியம் அரிக்கப்பட்டிருக்கும். அத்தகைய ஹெட்டை நேர்விளிம்புக் கோலும் ஃபீலர் கேஜும் வைத்து நீளவாட்டிலும் குறுக்காகவும் பார்க்காமல் பூட்டினால், எந்த டோர்க்கும் அதைக் காப்பாற்றாது.

புளொக்கிலுள்ள போல்ட் துளைகள் பலவற்றுக்கு அடி மூடியிருக்கும். அவற்றில் தண்ணீரோ எண்ணெயோ தேங்கி நிற்கும்போது போல்ட்டை இறக்கினால், திரவம் ஒதுங்க இடமின்றி ரென்ச்சின் அளவைப் பொய்யாக்கும். புளொக்கே வெடித்துப்போவதும் உண்டு. ஆகவே ஒவ்வொரு துளையையும் கொம்பிரசர் காற்றால் ஊத வேண்டும். மரையைத் துப்புரவாக்கப் புதுமரை வெட்டும் டாப்பை விடுவது தவறு, அது உலோகத்தையும் சேர்த்துச் சுரண்டும். பழைய ஹெட் போல்ட் ஒன்றின் மரையில் நீளவாக்கில் இரண்டு மூன்று வெட்டுப் போட்டு, கையாலேயே ஏற்றி இறக்கினால் அழுக்கு மட்டும் வெளியே வரும். பின்னர் மரைக்கும் போல்ட் தலைக்கு அடிப்பகுதிக்கும் எஞ்சின் ஒயில் சில துளி. இந்த இரண்டாவது இடத்தைத்தான் பலர் மறக்கிறார்கள். நீர்ச்சட்டைக்குள் திறக்கும் துளைகளானால் மெனுவல் சொல்லும் சீலன்ட் வேண்டும்.

இறுக்கும் வரிசை நடுவிலிருந்து வெளியே செல்லும். ஓரத்திலிருந்து தொடங்கினால் கேஸ்கெட் நடுவில் புடைத்து நின்றுவிடும். முறுக்கையும் ஒரே மூச்சில் ஏற்றுவதில்லை, இரண்டு மூன்று சுற்றுகளாகவே ஏற்ற வேண்டும். 3எல்லுக்கு மெனுவல் சொல்வது 78 நியூட்டன் மீற்றர், அதன்மேல் 90 பாகை, மறுபடி 90 பாகை. 78 முடிந்ததும் ஒவ்வொரு போல்ட் தலையிலும் எஞ்சினின் முன்பக்கமாக ஒரு பெயின்ட் புள்ளி வைக்க வேண்டும். இரண்டு 90உம் முடிந்த பின் எல்லாப் புள்ளிகளும் பின்பக்கம் பார்க்க வேண்டும். பார்க்காத ஒன்று இருந்தால் அந்தப் போல்ட் விடுபட்டது, கண்ணுக்கே தெரியும். பாகைக் கணக்கில் உராய்வின் பங்கு மிகக் குறைவு என்பதால்தான் உற்பத்தியாளர்கள் இம்முறைக்கு மாறினார்கள். வெறும் டோர்க்கில் இழுவிசை 30 வீதம் வரை கூடவோ குறையவோ செய்யலாம்.

அலகில் நேரும் குழப்பம் இன்னும் மோசமானது. மேலே சொன்ன 78 நியூட்டன் மீற்றர் என்பது 58 அடி இறாத்தல். அடி இறாத்தல் மட்டும் பொறித்த ரென்ச்சில் 78ஐ வைத்தால் போல்ட்டில் விழுவது 106 நியூட்டன் மீற்றர், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம். அதன்மேல் 180 பாகையும் சேர்ந்தால் போல்ட் மீளாமல் நீண்டுவிடும். இப்படி நீண்ட போல்ட்டை மரை மெலிந்த இடத்திலோ முழு நீளத்திலோ அளந்து கண்டுபிடிக்கலாம். வரம்பைத் தாண்டியதைத் திரும்பப் போடுவது வாடிக்கையாளருக்குச் செய்யும் சிக்கனம் ஆகாது.

பெரும்போக உழவுக்கு முன்னர் கராஜுக்கு வரும் மாஸி பெர்குசன் 135 டிராக்டரின் கதை வேறு. அதன் மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் எஞ்சினில் ஸ்டட்டும் நட்டும்தான். பாகைக் கணக்கு கிடையாது. எஞ்சினை ஓட்டிச் சூடாக்கிய பின் மறுபடி இறுக்க வேண்டும். அப்போது நட்டை ஒவ்வொன்றாகச் சிறிது தளர்த்திவிட்டே இறுக்குவது முறை. இல்லாவிட்டால் ஒட்டிய மரையின் உராய்வை ரென்ச் இறுக்கமென்று காட்டும். கேஸ்கெட் அமுங்கும்போது வால்வு இடைவெளியும் குறையும், அதையும் திரும்பச் சரிசெய்ய வேண்டும். பாகைக் கணக்கில் பூட்டிய போல்ட்டை மட்டும் இப்படி மறு இறுக்கம் செய்யக் கூடாது.

ரென்ச்சும் தேயும் கருவிதான். அதன் பிடியில் பைப் மாட்டி நீட்டினால் அளவு பிசகும். வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வைக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 6789 தரநிலை 12 மாதத்துக்கு ஒருமுறை அல்லது 5,000 இறுக்கத்துக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது, அதன் அளவைச் சரிபார்க்கச் சொல்கிறது.