சோடா பாட்டிலும் ஒயின் பாட்டிலும்



தலைப்பைப் பார்த்ததும் "டீச்சருக்கு இந்த வயதில் ஒயின் பாட்டிலோடு என்ன வேலை?" என்று சிலர் சிரிப்பீர்கள். நான் ஒரு துளியும் தொட்டதில்லை. ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது. சற்று நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். போன கிறிஸ்துமஸுக்கு உடன் வேலை செய்கிறவர்கள் ஒரு ஒயின் பாட்டிலைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள். அறையில் கார்க் ஸ்க்ரூ இல்லை. செல்போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, கத்தி முனையைக் கார்க்கில் குத்தித் திருகியிருக்கிறான். கத்தி நழுவி, பாட்டிலைப் பிடித்திருந்த இடது கையில் இறங்கிவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு படுத்துவிட்டான். மூன்று நாள் கழித்துத்தான் டாக்டரிடம் போனான். ஆட்காட்டி விரலை மடக்கும் தசைநாண் அறுந்திருந்தது. ஆபரேஷன் செய்தும் அந்த விரல் இன்றுவரை முழுசாக மடங்கவில்லை.

எங்களிடம் "மாம்பழம் நறுக்கும்போது பட்டுவிட்டது" என்றான். டிசம்பரில் ஏதடா மாம்பழம் என்று கேட்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

சென்ற மாதம் ஊருக்கு வந்தபோது என்னிடம் உண்மையைச் சொன்னான். "ஏன்டா மூன்று நாள் சும்மா இருந்தாய்?" என்றேன். "எப்படி ஆச்சுன்னு அம்மா கேட்டா என்ன சொல்றது சித்தி?" என்றான். பிறகு அக்காவிடமும் அவனே சொல்லிவிட்டான். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

அந்தப் பதில்தான் என்னைத் தூங்க விடவில்லை. அன்றே தைத்திருக்க வேண்டிய காயம், எங்களுக்குப் பயந்து மூன்று நாள் கிடந்திருக்கிறது.

நம் ஊர் மாட வீதியில் கோலி சோடா குடித்து வளர்ந்தவர்கள் நாம். உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம்தான் கோலியை மேலே தள்ளி, கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு இறுக்கி வைக்கிறது. 1872இல் லண்டனைச் சேர்ந்த ஹைரம் காட் என்பவர் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. சோடாக்காரர் மரக்கட்டையை வைத்து ஒரு அழுத்து அழுத்துவார். "டப்" என்று திறக்கும். கத்தியோ பல்லோ வேண்டாம். எதற்கு எந்தக் கருவி என்பது அவருக்குத் தெரியும்.

ஒயின் கார்க்குக்கும் கருவி உண்டு. துப்பாக்கிக் குழலில் சிக்கிய குண்டை எடுக்கும் திருகுக் கம்பியிலிருந்து பிறந்தது அது என்பார்கள். 1795இல் அதற்கு இங்கிலாந்தில் முதல் காப்புரிமை வாங்கிய சாமுவேல் ஹென்ஷால் ஒரு பாதிரியார்! கார்க் என்பது ஓக் வகை மரத்தின் பட்டை. அழுத்தினால் சுருங்கும், விட்டால் விரிந்து கண்ணாடியை இறுகப் பிடிக்கும். அதனால்தான் கத்தி முனை அதில் நிற்காமல் வழுக்குகிறது.

செருப்புக்குள் பாட்டிலை வைத்துச் சுவரில் அடிக்கும் வீடியோவும் சுற்றுகிறது. உள்ளே இருக்கும் திரவம் முன்னும் பின்னும் மோதிக் கார்க்கைத் தள்ளும் என்பது உண்மைதான். ஆனால் கண்ணாடி எப்போது உடையும் என்று யாரும் சொல்ல முடியாது. ஷாம்பெயின் போல நுரைக்கும் வகையில் கார் டயரைவிட இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தம் இருக்கும். அதை அடிக்கவும் கூடாது, குத்தவும் கூடாது.

கருவி இல்லையா? பக்கத்து வீட்டில் கேளுங்கள். இல்லையென்றால் நாளைக்குத் திறங்கள். பாட்டில் எங்கும் ஓடிப்போகாது. கை நழுவிக் கண்ணாடியிலோ கத்தியிலோ வெட்டிவிட்டால், சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்திக்கொள்ளுங்கள். விரல் மடங்கவில்லை, மரத்துப்போகிறது என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். எப்படிப் பட்டது என்பதை டாக்டரிடம் உள்ளபடி சொல்லுங்கள்.

"டீச்சர் குடிக்க வழி சொல்லித் தருகிறாரா?" என்று யாராவது கேட்கலாம். இல்லை. அப்பாவின் குடியால் காலையில் பசியோடு வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் நான். குடி வேண்டாம் என்று இன்றும் சொல்வேன். கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு 14 கிலோமீட்டர் நடக்கிறவர்களுக்கு உடைந்த பாட்டில் என்றால் என்னவென்றும் தெரியும்.

ஆனால் குடிக்காதே என்பது ஒரு பாடம். அடிபட்டால் மறைக்காதே என்பது வேறு பாடம். முதல் பாடத்தைக் கோபத்தோடு நடத்தினோம், இரண்டாவதை நடத்தவே இல்லை. பிள்ளை தவறு செய்தாலும் முதல் போன் வீட்டுக்கு வர வேண்டும். திட்டுவதைக் காயம் ஆறிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இன்று ராத்திரியே வெளியூரில் இருக்கும் உங்கள் பிள்ளைக்குப் போன் போட்டு இந்த ஒரு வரியைச் சொல்லுங்கள்: "என்ன ஆனாலும் முதலில் எங்களிடம் சொல்லு."

என் பழைய மாணவர்களே, உங்களுக்கும் இதே வரிதான். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் டீச்சரிடம் சொல்லுங்கள். பிரம்பை நான் எப்போதோ கீழே போட்டுவிட்டேன்.

அண்ணாமலையார் எல்லோரையும் காக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்