ஆறாம் படிவ வகுப்பறைக்கும் வந்து கேளுங்கள்



உயர்கல்விச் சீர்திருத்தம் பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையை வரவேற்கிறேன். 2015 – 2025 மலேசிய உயர்கல்விப் பெருந்திட்டத்தின் காலம் முடிந்துவிட்டது. அடுத்த பத்தாண்டைப் பற்றிய பேச்சில் ஆறாம் படிவ ஆசிரியரும் மாணவரும் இருக்கிறார்களா என்பதே என் கவலை.

பல்கலைக்கழகத்துக்கான இன்னொரு வழியான மெட்ரிகுலேஷன் பெரும்பாலும் ஓராண்டில் முடிகிறது. ஆறாம் படிவத்தில் எஸ்.டி.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் மாணவர் ஒன்றரை ஆண்டில் மூன்று தவணைத் தேர்வு எழுதுகிறார். தேர்வுகள் வேறு, அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூ.பி.யூ. விண்ணப்ப வரிசை மட்டும் ஒன்று. ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ பெற்ற அனைவருக்கும் இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் என 2024-இல் பிரதமர் அறிவித்தது நல்ல மாற்றம். ஆனால் 8 ஏ, 9 ஏ எடுத்த பிள்ளைகள்தாம் என் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள்.

அவர்களில் ஒருத்தி, தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் தந்தையின் மகள், எஸ்.டி.பி.எம். தேர்வில் 3.92 தரப்புள்ளி பெற்றாள். கேட்ட துறை கிடைக்கவில்லை. “எத்தனை புள்ளியில டீச்சர் போச்சு?” என்று பயிற்சிப் புத்தகத்தின் பின்னட்டையில் கணக்குப் போட்டபடி கேட்டாள். அவளுக்கு வந்த மேல்முறையீட்டுப் பதிலிலும் அந்த எண் இல்லை.

ஒவ்வொரு துறையிலும் கடைசியாக இடம் பெற்றவரின் தகுதிப் புள்ளியை, எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் எனத் தனித்தனியே ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். உயர்கல்வி அமைச்சு அதிகாரிகள் ஜொகூருக்கு வந்து எங்களையும் எங்கள் மாணவர்களையும் நேரில் கேட்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆறாம் படிவ ஆசிரியை,
கூலாய், ஜொகூர்.