ஊர் சுற்றவா, ஊரில் தங்கவா?

சுற்றுலா என்ற சொல்லைக் கேட்டதும் துள்ளாத மாணவி உண்டோ? அறிவிப்புப் பலகையில் அந்தத் தாள் ஒட்டப்பட்ட நாளில் எந்த வகுப்பிலும் பாடம் ஓடாது என்பதை ஆசிரியைகளே ஒப்புக்கொள்வார்கள். ஆகவே, சுற்றுலா வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. நாம் போகும் விதம் மாற வேண்டும் என்றே சொல்ல வந்தோம். ஒரே நாளில் ஒன்பது இடம் பார்த்துத் திரும்புவதைவிட, ஒரே மலைக்கிராமத்தில் நான்கு நாள் எல்லாரும் கூடித் தங்கி வருவது மேல் என்பது எங்கள் கருத்து.

ஒருநாள் கொடைக்கானல் பயணத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, புளிசாதப் பொட்டலத்தோடு பேருந்தில் ஏறுகிறோம். முதல் பத்து வளைவுகளுக்குள் பாதிப் பேருக்கு வாந்தி. வெள்ளி அருவியில் பத்து நிமிடம், கோக்கர்ஸ் வாக்கில் பதினைந்து நிமிடம். தூண் பாறைக்குப் போய்ச் சேர்ந்தால் பாறையை மேகம் மூடியிருக்கும்; வெண்மையைப் பார்த்துவிட்டு வருவோம். ஏரிக்கரையில் சோளக்கதிர், கடைத்தெருவில் சாக்லேட்டும் தைலமும், பிறகு ஆசிரியையின் விசில். நள்ளிரவில் வீடு. மறுநாள், "என்ன பார்த்தாய்?" என்று அம்மா கேட்டால், வண்டியின் முன்சீட்டு முதுகைத்தான் நாம் அதிகம் பார்த்திருப்போம்!

அந்த மலைநகரும் நம்மைப் போன்றோரின் கூட்டத்தைத் தாங்க முடியாமல் திணறுகிறது. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் உதகைக்கும் செல்லும் வண்டிகள் இ-பாஸ் பெற வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அடுத்த ஆண்டுக் கோடையில், ஒரு நாளைக்கு இத்தனை வண்டிகள்தான் என்று எண்ணிக்கைக்கே வரம்பு விதித்தது.

இவையெல்லாம் சிறு குறைகளே. பெரிய குறை வேறொன்று. சுற்றுலாப் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பவர்கள் உண்டு. யார் பெயர் இல்லை என்று பார்ப்பவர்கள் குறைவு. பேருந்து வாடகையும் நுழைவுச்சீட்டும் உணவுவிடுதிச் செலவும் சேர்த்து ஒரு தொகை சொல்லப்படுகிறது. அந்தத் தொகை சில வீடுகளில் ஒரு வாரக் கூலி. அந்த வீட்டுப் பெண், "எங்கள் வீட்டில் விட மாட்டார்கள்" என்பாள். "வண்டி எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்பாள். "அன்றைக்கு உறவில் ஒரு விசேஷம்" என்பாள். பணம் இல்லை என்று மட்டும் சொல்லவே மாட்டாள். மறுநாள் நாம் படங்களைக் காட்டும்போது அவளும் சிரித்துக்கொண்டே பார்ப்பாள். மலிவான பயணம் மட்டமான பயணமாகத்தான் இருக்கும் என்று நாம் நம்புகிற வரையில் இந்தப் பட்டியல் மாறாது.

அந்த நம்பிக்கை தவறு என்று காட்டியவர்கள் உண்டு. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் கோல்ன் என்றொரு நெசவாலை ஊர். அங்கே ஆண்டுக்கு ஒருமுறை ஆலைகளுக்கு ஒரு வாரம் விடுமுறை. ஆலைத் தொழிலாளர்கள் ஆண்டு முழுதும் சிறுகச் சிறுகச் சேர்த்த காசை எடுத்துக்கொண்டு பிளாக்பூல் போன்ற கடற்கரை ஊர்களுக்கு ஓடுவார்கள். நெரிசலிலும் கேளிக்கையிலும் காசைக் கரைத்துவிட்டு, போனதைவிடக் களைத்துத் திரும்புவார்கள். இதைக் கண்டு வருந்திய தாமஸ் ஆர்தர் லெனார்ட் என்ற சபைப் போதகர், 1891-இல் சுமார் முப்பது பேரைச் சேர்த்துக்கொண்டு, ஏரிகள் நிறைந்த மலைநாட்டில் உள்ள ஆம்பிள்சைடு என்ற ஊருக்குப் போனார். நடப்பது, மலை ஏறுவது, மாலையில் கூடிப் பாடுவது, பேசுவது, இவ்வளவுதான் நிகழ்ச்சி நிரல். அது பிடித்துப்போய், 1893-இல் கூட்டுறவு விடுமுறைச் சங்கமாக வளர்ந்தது. எளிய வீடு, எளிய உணவு, வேலையில் ஆளுக்கொரு பங்கு. ஆண்களும் பெண்களும் வந்தார்கள். வசதியற்றோருக்கு இலவச விடுமுறைகளும் ஏற்பாடாயின. இருபது ஆண்டுகளில் சங்கம் வசதியுள்ளவர்களின் சங்கமாக மாறி வருகிறதே என்று லெனார்டுக்கே மனக்குறை. 1913-இல் அதை விட்டு விலகி, விடுமுறைத் தோழமை என்ற வேறோர் அமைப்பைத் தொடங்கினார். தாம் நட்ட மரத்தையே விட்டுப் போக எத்தனை பேருக்கு மனம் வரும்? எங்களுக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்திருக்கிறது.

அந்த ஏரி மலைநாடு நமக்கு முற்றிலும் புதிய இடமன்று. ஆங்கிலப் பாடத்தில் வோர்ட்ஸ்வொர்த்தின் டாஃபோடில் பூக்களை மனப்பாடம் செய்யாதவர் நம்மில் யார்? அந்தப் பூக்கள் பூத்தது அங்கேதான், அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில். தாம் தன்னந்தனியே திரிந்தபோது அவற்றைக் கண்டதாகக் கவிஞர் பாடுகிறார். ஆனால் 1802 ஏப்ரல் 15 அன்று அவர் தனியாகப் போகவில்லை. தங்கை டோரதியும் கூடவே நடந்தாள். அன்று கண்ட பூக்களைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தவளும் அவளே. அண்ணனின் பாட்டு அச்சானது 1807-இல்தான். கூடப் போனவளைப் பாட்டு மறந்துவிட்டது. நாமாவது நினைவில் வைப்போம். அதே டோரதி 1818-இல், தன் நாற்பத்தாறாம் வயதில், தோழி மேரி பார்க்கருடன் இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரமான ஸ்கேஃபெல் பைக்கில் ஏறினாள். பெண்கள் மலையேறுவதை ஊரார் விந்தையாகப் பார்த்த காலம் அது.

அந்தச் சிகரத்தின் உயரம் 978 மீட்டர். நம் மாவட்டத்துத் தாண்டிக்குடி அதைவிட உயரத்தில் இருக்கிறது! இங்கிலாந்தின் உச்சியைவிட உயரமான இடத்தில் நம்மவர்கள் வீடு கட்டி, மிளகு காயவைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் அங்கே போயிருக்கிறோம்? தெற்கே திரும்பினால் நீலக்கோடாகத் தெரிகிற மலையை, மழை வருமா என்று பார்ப்பதற்கு மட்டுமே நாம் பயன்படுத்துகிறோம்.

ஆகவே தாண்டிக்குடிக்கே போவோம் என்கிறோம். கீரனூரிலிருந்து பழனி, அங்கிருந்து ஒட்டன்சத்திரம். பிறகு வடகாடு வழியாக மலைப்பாதை. ஒட்டன்சத்திரத்துக்குக் குடிநீர் தரும் பரப்பலாறு அணையை மேலிருந்து பார்க்கலாம். பாச்சலூரைக் கடந்தால் குளிர் தொடங்கிவிடும். பழனியிலிருந்து ஒட்டன்சத்திரம் போகும் வழியில் விருப்பாட்சி இருக்கிறது. ஆங்கிலேயரை எதிர்த்த கோபால் நாயக்கரின் ஊர். கணவரை இழந்த வேலு நாச்சியார், படை திரட்டிச் சிவகங்கையை மீட்குமுன் அடைக்கலம் பெற்று வாழ்ந்ததும் அங்கேதான். பாடப்புத்தகத்தில் படித்த ஊர், பேருந்துச் சன்னலில் அரை நிமிடத்தில் ஓடிப்போவது நியாயமா? இறங்கிப் பார்த்துவிட்டே ஏறுவோம்.

அந்த ஊரின் பெயரைத் தாங்கிய மலைவாழைதான் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போனது. பஞ்சாமிர்தம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றபோது நாமெல்லாம் பெருமைப்பட்டோம். ஆனால் அந்த வாழையை முடிக்கொத்து நோய் ஒரு காலத்தில் மலைமலையாக அழித்ததும், நோயற்ற கன்றுகளைத் திசு வளர்ப்பு முறையில் உண்டாக்கி மீண்டும் நட்டதும் நம்மில் பலருக்குத் தெரியாது. உயிரியலில் திசு வளர்ப்பைப் பரீட்சைக்காகப் படித்து மறந்த நாம், அதனால் பிழைத்த மரத்தை ஒருமுறை தொட்டுப் பார்க்கலாமே.

அரையாண்டு விடுமுறையில், கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் புறப்படுவதே நல்லது. ஐப்பசி, கார்த்திகை என்றால் மலையில் மழையும் மண்சரிவும். தை மாதம் என்றால் பழனிச் சாலை முழுதும் பாதயாத்திரைக் கூட்டம். மார்கழியில் காப்பிப் பழம் சிவந்து பறிப்பு நடக்கும். பழத்தின் தோலை நீக்கி, ஊறவைத்துக் கழுவி, களத்தில் உலர்த்துகிற வேலை ஒவ்வொன்றையும் கண்ணால் காணலாம். காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும் அவ்வூரில் இருக்கிறது. முன்கூட்டி எழுதிக் கேட்டால் பார்க்க அனுமதி கிடைக்கலாம். தாண்டிக்குடிப் பக்கத்தில் பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள் உண்டு. நான்கு பக்கமும் பலகைக் கல், மேலே மூடுகல், இறந்தோர் நினைவாக எழுப்பியவை. பழனிமலைக் கல்திட்டைகளைத் தேடித் தேடி அளந்து, சேசு சபைக் குரு ஆங்லேடு அடிகளார் நியூட்டனுடன் சேர்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. ஒரு குருவானவர் நடந்தே கண்டுபிடித்தவற்றை நாம் பேருந்திலிருந்து காண முடியாது. குறிஞ்சிப் பூவை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். அது 2018-இல் கொடைமலையில் பூத்தது, இனி 2030-இல்தான். அப்போது நம்மில் யார் எந்த ஊரில், யார் வீட்டு மருமகளாக இருப்போமோ!

தங்குவது எங்கே என்று கேட்பீர்கள். ஜெர்மனியில் ரிச்சர்டு ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர், 1909 ஆகஸ்டில் தம் மாணவர்களோடு பல நாள் நடைப்பயணம் போனபோது இடிமழையில் மாட்டிக்கொண்டார். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வைக்கோல் பரப்பி அந்த இரவைக் கழித்தார்கள். விடுமுறையில் ஊர்தோறும் பள்ளிகள் பூட்டித்தானே கிடக்கின்றன, அவற்றைத் திறந்தால் என்ன என்று அன்றிரவு அவருக்குத் தோன்றியது. உலகெங்கும் உள்ள இளைஞர் விடுதிகள் அந்த எண்ணத்திலிருந்து பிறந்தவை. நமக்கு அந்நியமான ஏற்பாடும் அல்ல. நாட்டு நலப்பணித் திட்டத்து அக்காமார்கள் ஆண்டுதோறும் கிராமங்களில் ஏழு நாள் முகாம் போடுகிறார்கள். ஒரு மலைப்பள்ளியின் இரண்டு வகுப்பறைகளும் பங்குக்கோயிலின் ஒரு கூடமும் நமக்குப் போதும். ஆளுக்கொரு படி அரிசியும் கைப்பிடி பருப்பும் வீட்டிலிருந்து கொண்டு வருவோம். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை வழியில்தான் இருக்கிறது. முறைபோட்டுச் சமைப்போம். முதல் நாள் சாம்பார் எப்படியிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நான்காம் நாள் திருந்திவிடும்.

இனிப் பெற்றோர்களுக்கு ஒரு சொல். நம் வீட்டு ஆண்பிள்ளைகள் நினைத்தபோது சைக்கிளை எடுத்துக்கொண்டு அணைக்கட்டு வரை போய்விட்டு வருகிறார்கள். நாங்கள் கடைக்குப் போனாலும் கூட ஒருவர் வர வேண்டும். அதில் உள்ள அக்கறையை நாங்கள் அறிவோம், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு சாலையில், வேலை எதுவும் இல்லாமல், சும்மா நடந்து பார்க்கும் இன்பம் எங்களுக்கு எப்போது கிடைக்கும்? பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் சிலர் கல்லூரிக்குப் போவோம், சிலர் நூற்பாலை வண்டியில் ஏறுவோம், சிலருக்குக் கழுத்தில் தாலி ஏறும். அதன்பின் போகும் பயணங்களெல்லாம் யாராவது ஒருவரின் திருமணத்துக்கோ, மருத்துவமனைக்கோ, வேண்டுதலுக்கோ ஆன பயணங்கள். நாற்பது தோழியரும் நான்கு ஆசிரியைகளும் கூட நடந்தால் எங்களுக்கும் பயமில்லை, உங்களுக்கும் பயமில்லை. இப்படி ஒரு கூட்டம் பள்ளிக்கு வெளியே எங்களுக்கு இனி அமையாது.

ஆபத்தில்லையா என்றால், கவனம் வேண்டும். அங்கே காட்டெருமை உண்டு, யானையும் இறங்கும். கொடைக்கானல் வனப்பகுதி 2013 முதல் வனவிலங்குச் சரணாலயம். ஆகவே அனுமதியின்றிக் காட்டுக்குள் நுழைவதில்லை. ஊர்ச்சாலையிலும் தோட்டப்பாதையிலும் மட்டும், பகல் வெளிச்சத்தில், ஊர்க்காரர் ஒருவர் வழிகாட்ட நடப்போம். அட்டைக்கு உப்புப் பொட்டலம், குளிருக்குக் கம்பளி, தண்ணீருக்கு வீட்டுப் பாத்திரம். கைபேசி ஆசிரியை கையில் ஒன்று இருந்தால் போதும் என்பது எங்களில் பெரும்பாலோர் கருத்து. மூன்று பேர் மட்டும் ஒப்பவில்லை. அவர்களோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நிர்வாகத்தாரிடம் நாங்கள் கேட்பது இரண்டே. முதலில் வகுப்பிலுள்ள எல்லார் பெயரையும் எழுதிவிட்டு, அதன்பின் செலவைக் கணக்கிடுங்கள். தொகை முழுவதையும் தர முடிந்தவர்கள் தரட்டும். முடியாதவர்கள் எவ்வளவு தந்தார்கள் என்பது வகுப்பாசிரியைக்கு மட்டும் தெரிந்தால் போதும். பற்றாக்குறைக்கு, ஆண்டுவிழாவன்று பள்ளி வாசலில் பலகாரக் கடை போடுகிறோம். முறுக்கும் அதிரசமும் சுட எங்கள் அம்மாமார்களில் ஆறு பேர் இப்போதே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.