ஐந்தாவது வரி

தமிழ்நாடு அரசின் உள்துறைச் செயலாளர் அவர்களுக்கு,



நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வரும் நான்கு வரிச் செய்தி ஒன்று உண்டு. ‘வாலிபர் மீது குண்டாஸ்’ என்று தலைப்பு; குண்டர் தடுப்புச் சட்டத்தைத்தான் அப்படிச் சுருக்குகிறார்கள். இன்ன வழக்கில் கைதானார், காவல் கண்காணிப்பாளர் பரிந்துரைத்தார், ஆட்சியர் உத்தரவிட்டார். நான்காவது வரி பெரும்பாலும் மாறுவதே இல்லை: சிறையில் இருக்கும் அவரிடம் உத்தரவு நகல் வழங்கப்பட்டது.

இனிமேல் குற்றம் செய்துவிடக் கூடாதே என்று ஒருவரை அடைத்து வைப்பதுதான் தடுப்புக்காவல். ஏற்கெனவே உள்ளே இருப்பவரை எதிலிருந்து தடுக்கிறோம்? ஜாமீனிலிருந்துதான்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரத்தைத் தாங்கள் அறிவீர்கள். 2021 கணக்குப்படி, நாட்டின் தடுப்புக்காவல் கைதிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழ்நாட்டில் இருந்தார்கள். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் நம் பங்கோ நூற்றுக்கு ஆறுதான். இத்தனைக்கும் நம் சிறைகள் நிரம்பி வழியவில்லை. 2022 இறுதியில் நாடு முழுவதும் நூறு பேருக்கான இடத்தில் 131 பேர் நெருக்கியடித்துக் கிடந்தபோது, தமிழ்நாட்டுச் சிறைகள் கொள்ளளவைத் தாண்டவில்லை. அதில் பெருமைப்படலாம். அதே அறிக்கையின் தடுப்புக்காவல் பக்கத்துக்கு வந்தால்தான் தலை குனிய வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் மட்டும் ரவுடிகள் விளைகிறார்களா என்ன? குண்டர் சட்டம் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் விற்போர், குண்டர்கள் என்று 1982-இல் தொடங்கிய பட்டியலில் பிறகு மணல் திருட்டு, திருட்டு வி.சி.டி., இணையக் குற்றம் எனப் பலவும் சேர்ந்தன. 2014 திருத்தத்துக்குப் பின் முதல் தடவை சிக்கியவரையும் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம் என்றானது. புளியரை சோதனைச்சாவடியைத் தாண்டி ஆரியங்காவுக்குப் போனால் கதை வேறு. கேரளத்தின் 2007-ஆம் ஆண்டுச் சட்டம், கடந்த ஏழாண்டில் இத்தனை வழக்கு என்று எண்ணிக் காட்டச் சொல்கிறது. ஆளை அடைக்காமல், குறிப்பிட்ட பகுதிக்குள் வராதே என்று விலக்கி வைக்கவும் அதில் வழி உண்டு.

மத்திய சிறை ஒன்றின் வாசலில், மகனை ‘மனு’ பார்க்க வந்த ஓர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஜவுளிக்கடைப் பையில் பிஸ்கட் பாக்கெட்டோடு ஒரு தடித்த கட்டு. காவல் உத்தரவுக்கான ஆவணங்கள். முதல் தகவல் அறிக்கை, ரிமாண்டு உத்தரவு, வாக்குமூலம் என்று எல்லாமே ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ். சில பக்கங்களில் கறுப்பு மை தவிர ஒன்றுமில்லை. “இதுல எந்தப் பக்கத்துல தம்பி, எப்ப விடுவாங்கன்னு போட்டிருக்கு?” என்று கேட்டார்.

எந்தப் பக்கத்திலும் இல்லை. காவல் உத்தரவைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்தின் முன் வக்கீல் வைத்துப் பேசும் உரிமையும் அவர் மகனுக்கு இல்லை. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட வேண்டும். அது விசாரணைக்கு வரவே மாதங்கள் ஓடிவிடும். வந்தபின், படிக்க முடியாத அந்தக் கறுப்புப் பக்கங்களுக்காகவே உத்தரவு ரத்தாகலாம். அப்படி ரத்தான உத்தரவுகள் ஏராளம். காவல் துறைக்கு அது தோல்வியா? ஆள் அதுவரை உள்ளேதானே இருந்தார்! சாதாரணச் சட்டமே போதும் என்கிற இடத்தில் தடுப்புக்காவல் செல்லாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான்.

கொலைக்கு அஞ்சாத கூலிப்படையை வெளியே விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. சாட்சியை மிரட்டுவார் என்றால் ஜாமீனை எதிர்த்து வாதாடுங்கள். வழக்கை விரைந்து முடித்துத் தண்டனை வாங்கிக் கொடுங்கள். முதல் தவறு செய்த இளைஞனுக்கு 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது; நீதிமன்றம் அவனை நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் விட்டால், அவன் வீட்டிலிருந்தே வேலைக்குப் போய்வருவான்.

தங்களிடம் கேட்பது மூன்று. 2014 திருத்தத்தை மறுபரிசீலனை செய்யுங்கள். அறிவுரைக் கழகத்தின் முன் நிற்பவருக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக ஒரு வக்கீலை அனுமதியுங்கள். மூன்றாவதற்குச் சட்டத் திருத்தமும் வேண்டாம், பெரிய செலவும் இல்லை. மாவட்டவாரியாக ஆண்டுதோறும் ஓர் அட்டவணை வெளியிடுங்கள்: எத்தனை உத்தரவு போட்டோம், அறிவுரைக் கழகம் எத்தனையை ஏற்றது, நீதிமன்றம் எத்தனையை ரத்து செய்தது, ரத்தாகும் முன் அவர்கள் எத்தனை நாள் உள்ளே இருந்தார்கள்.

பன்னிரண்டு நாளுக்குள் அரசு ஒப்புதல் தராவிட்டால் எந்த உத்தரவும் நிற்காது. ஆகவே ஒவ்வொரு கோப்பும் தங்கள் துறையைத் தாண்டித்தான் போகிறது. கணக்கு தங்களிடம் இருக்கும். அந்தச் செய்தியின் ஐந்தாவது வரியை எந்த நாளிதழும் அச்சிடுவதில்லை. தாங்களாவது அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
மாவட்டப் பக்கத்தை விடாமல் படிக்கும் ஒரு வாசகன்