வெயில் மீது பழி

கோடையில் சிறிய நாய் சரியாகச் சாப்பிடாவிட்டால் பதற வேண்டாம். சிறுநீர்க் கணக்கு மாறினால் சும்மா இருக்கவும் வேண்டாம்.

மே மாதம் பிறந்துவிட்டால் தில்லியில் நாய் வளர்க்கும் வீடுகளில் ஒரே புலம்பல்தான். தட்டில் வைத்த சோறு அப்படியே காய்ந்து கிடக்கிறது. கழுத்துப்பட்டையை எடுத்தாலே வாசல் கதவருகே நின்று குதிக்கும் பிராணி, மொசைக் தரையில் வயிற்றைப் பரப்பிக்கொண்டு அசைய மறுக்கிறது. வெளியே அழைத்துப் போனால் ஏதோ ஒரு கம்பத்தடியில் பெயருக்குக் காலைத் தூக்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பத் துடிக்கிறது. வேறு சில வீடுகளில் புகார் நேர்மாறானது. ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது, முன்னறைக் கம்பளத்தை நனைத்துவைக்கிறது. இரண்டு புகாருக்கும் கிடைக்கும் விளக்கம் ஒன்றுதான்: வெயில்.

தமிழ்க் குடும்பமாக இருந்தால் நோயின் பெயரும் சேர்ந்தே வந்துவிடும்: "சூடு பிடிச்சிருக்கு." மனிதருக்கு நீர்க்கடுப்பு வந்தால் இளநீர், வெந்தயம், நீர்மோர் என்று தலைமுறை தலைமுறையாகக் கைகண்ட வைத்தியம் இருப்பதால், அதே யோசனை நாய்க்கும் நீள்கிறது. இரண்டு நாள் பார்ப்போம், மழை வந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிறார்கள்.

பல சமயம் சரியாகியும் விடுகிறது. ஆபத்து மீதிச் சமயங்களில் இருக்கிறது. கோடை மாதங்களில் நாயைப் பிடிக்கும் வேறு பல நோய்கள் இதே இரண்டு அடையாளங்களோடுதான் தொடங்குகின்றன: பசி குறைகிறது, சிறுநீர் மாறுகிறது. வெயில் மீது பழி போட்டுக் காத்திருக்கும் அந்த இரண்டு நாளில் 5 கிலோ எடையுள்ள பிராணி கைவிட்டுப் போய்விடலாம்.

முதலில் வெயிலுக்கு உரிய பங்கை அதற்குக் கொடுத்துவிடலாம். நாயின் சாதாரண உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ்வரை. காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் உடம்புச் சூடு தானாகவே வெளியேறும். வட இந்தியக் கோடையில் அதற்கு வழியில்லை. ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. தில்லியிலும் நாகபுரியிலும் 45ஐத் தொடும் நாட்கள் சாதாரணம். வெளிக்காற்று உடம்பைவிடச் சூடாக இருக்கும்போது மிச்சமிருக்கும் ஒரே வழி நீர் ஆவியாவதுதான். மனிதனுக்கு உடம்பு முழுக்க வியர்க்கிறது. நாய்க்கு வியர்வை என்று சொல்லத்தக்கது பாதங்களில் மட்டுமே. எனவே அது நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு இரைக்கிறது. நாக்கிலும் மூக்குத் துவாரங்களிலும் உள்ள ஈரம் ஆவியாகி ரத்தத்தைக் குளிர்விக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள வட இந்திய வீடுகளின் ஜன்னலில் உறுமிக்கொண்டிருக்கும் ஏர் கூலரைப் பார்த்தால் போதும். இரண்டுக்கும் தத்துவம் ஒன்றே. தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை கூலர் குளிர்காற்று தரும். தண்ணீர் தீர்ந்தால் அனல்தான் அடிக்கும். ஜூலையில் காற்றில் ஈரப்பதம் ஏறிவிட்டால் தண்ணீர் இருந்தும் பயனில்லை. நாயின் நிலையும் இதுதான். 45 டிகிரி வறண்ட வெயிலைச் சமாளிக்கும் நாய், மழைக்காலத் தொடக்கத்தின் 36 டிகிரி புழுக்கத்தில் தடுமாறுவது இதனால்தான். 2003ல் வந்த ஹட்ச் விளம்பரத்தால் நாடெங்கும் பிரபலமான பக், பின்னர் அடுக்குமாடி வீடுகளைப் பிடித்த ஷிட்சு போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு மூச்சு இரைப்பதே சிரமம். அவற்றின் கூலர் பிறவியிலேயே பழுது.

பசி குறைவதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. செரிமானம் உடம்புக்குள் சூட்டை உண்டாக்கும் வேலை. ஏற்கெனவே சூட்டோடு போராடும் உடம்பு அதைத் தள்ளிப்போடுகிறது. பகல் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு நகரும் நாய், இரவு பத்து மணிக்குக் கொஞ்சம் குளிர்ந்ததும் சாப்பிட்டுவிட்டால், கண்ணில் வழக்கமான துறுதுறுப்பு இருந்தால், எடை இறங்காமல் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. அதிகாலையிலும் இரவிலும் சிறு சிறு அளவாக வைப்பதே போதும். கட்டாயப்படுத்தி ஊட்டுவது வீண் வேலை.

சிறுநீர் விஷயம் வேறு. வெயிலில் அது ஓரளவு குறைவதும் மஞ்சள் கூடுவதும் இயல்பு. மூச்சிரைப்பில் தண்ணீர் போவதால், இருப்பதைச் சேமிக்கும்படி மூளை ஒரு ஹார்மோன் மூலம் சிறுநீரகத்துக்குக் கட்டளையிடுகிறது. ஆனால் சேமிப்புக்கும் எல்லை உண்டு. சிறிய நாயிடம் அந்த எல்லை மிக அருகில் இருக்கிறது. 5 கிலோ எடையுள்ள பொமரேனியனுக்கு, உணவில் உள்ளதையும் சேர்த்து, ஒரு நாளைக்கு ஏறத்தாழ 250 முதல் 300 மில்லி லிட்டர் தண்ணீர் வேண்டும். வெயிலில் இன்னும் கூடுதலாக. அது கழிக்கும் சிறுநீர் 100 முதல் 200 மில்லி. உடல் எடையில் 5 சதவீதம் நீர் குறைந்தால் வறட்சி வெளியே தெரியத் தொடங்கும், 10 சதவீதம் குறைந்தால் நிலைமை மோசம். இந்த நாய்க்கு 5 சதவீதம் என்பது வெறும் 250 மில்லி, அதாவது ஒரு தம்ளர். 35 கிலோ லேப்ரடாருக்கு அரை நாள் தண்ணீர் வைக்க மறந்தால் அது சமாளித்துக்கொள்ளும். பொமரேனியனுக்கு அந்த வசதி இல்லை.

இன்னொரு கண்ணியையும் பலர் கவனிப்பதில்லை. தயிர்சாதத்திலும் வேகவைத்த உணவிலும் பெரும்பங்கு தண்ணீர்தான். பாக்கெட் தீவனத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே சோறு சாப்பிடும் நாய் பசி குறைந்து ஒதுங்கும்போது தண்ணீர் வரவும் சேர்ந்தே குறைகிறது. உலர்ந்த தீவனத்துக்கு மாற்றிய நாய் திடீரென்று அதிகம் குடிப்பதும் நோயல்ல.

வெயிலின் பங்கு இவ்வளவே. இதற்கு மேல் தெரிவதை வெயில் கணக்கில் எழுதக் கூடாது.

நிறைய வெளிறிய சிறுநீர் முதல் எச்சரிக்கை. ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது 5 கிலோ நாய் தினமும் அரை லிட்டரைத் தாண்டிக் குடித்து, அதற்கேற்பத் தண்ணீர் போன்ற நிறத்தில் கழித்தால் தாகத்தைச் சந்தேகிக்க வேண்டும். வெயிலில் வாடும் ஆரோக்கியமான சிறுநீரகம் கெட்டியான சிறுநீரைத்தான் தரும். உடம்பு வறண்டிருந்தும் சிறுநீர் நீர்த்துப் போகிறதென்றால் சிறுநீரகம் சேமிக்கும் திறனை இழந்துவருகிறது என்று பொருள். வயதான நாய்களில் இது அதிகம். வயிறு புடைக்கச் சாப்பிட்டும் எடை குறைந்தால் நீரிழிவாக இருக்கலாம். கருத்தடை செய்யாத பெண் நாய், பருவம் முடிந்து இரண்டு மாதங்களுக்குள் உணவை வெறுத்துத் தண்ணீரை மட்டும் தேடினால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கக் கூடும். அது உயிர் பறிக்கும் நோய். அரிப்புக்காகக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் தாகத்தைக் கூட்டும். அதை மருத்துவரிடம் சொல்ல மறக்கக் கூடாது.

அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போவது இரண்டாவது. இதைத்தான் வீடுகளில் "சூடு" என்று சொல்லி இளநீரோடு முடித்துவிடுகிறார்கள். சிறுநீர்ப்பையில் கிருமித் தொற்றோ கல்லோ இருக்கலாம். ஆண் நாய்க்குக் கூடுதல் ஆபத்து. அதன் குறிக்குள் ஓர் எலும்பு உண்டு. சிறுநீர்க் குழாய் அந்த எலும்பின் பள்ளம் வழியாகப் போவதால் சின்னக் கல்லும் அங்கே சிக்கிக்கொள்ளும். முக்கி முக்கிப் பார்த்தும் எதுவும் வராவிட்டால் அது கல்லடைப்பு. மறுநாள் காலைவரை காத்திருக்கக் கூடாத அவசரம்.

மூன்றாவது நிறம். காபிக் கஷாயம் போலவோ சிவப்பாகவோ சிறுநீர் போனால், கூடவே சோறும் வேண்டாம் என்று படுத்திருந்தால், காதுமடலையும் விரல் இடுக்கையும் விரித்துப் பார்க்க வேண்டும். உண்ணி இருக்கும். வெப்பமான மாதங்களில் சுவர் வெடிப்புகளில்கூடப் பெருகும் இந்த உண்ணிகள் பரப்பும் பேபிசியா கிருமி ரத்த சிவப்பணுக்களை உடைக்கிறது. ஈறு வெளுக்கிறது, காய்ச்சல் ஏறுகிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்துக்குக் கட்டுப்படும். "வெயிலில் சோர்ந்திருக்கிறது" என்று தள்ளிப்போட்டால் ரத்தம் ஏற்றும் நிலை வரும். வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும் என்பதால் குழம்புச் சோறு கொடுக்கும் வீடுகளிலும் இந்த நிறம் தென்படலாம். காய்ச்சல் என்று வீட்டிலுள்ள ஐபுபுரோஃபன் மாத்திரையைக் கொடுப்பது மகா தவறு. நீர் வறண்ட நாயின் சிறுநீரகத்தை அது நேரடியாகத் தாக்கும்.

நோய்கள் இருக்கட்டும். வீட்டாரே உண்டாக்கும் தொல்லை ஒன்று உண்டு. கோடையில் தார்ச் சாலை சுடுகிறது என்பதால் காலை நடை ஆறு மணிக்கு முன்பே முடிகிறது. மாலை நடை இரவு ஒன்பதுக்குத் தள்ளிப்போகிறது. பாதம் வெந்துபோகாமலிருக்க இது சரியான ஏற்பாடுதான். ஆனால் நடுவில் பதினைந்து மணி நேரம் இருக்கிறது. வீட்டுக்குள் கழிக்கக் கூடாது என்று பழக்கப்பட்ட நாய் அவ்வளவு நேரமும் அடக்கிக்கொள்கிறது. கெட்டியான சிறுநீர் பையிலேயே தேங்குவது கல்லுக்கும் தொற்றுக்கும் அழைப்பு. அடக்க முடியாமல் கம்பளத்தில் போய்விட்டாலோ அடி விழுகிறது. சில வீடுகளில் அதைவிடக் கொடிய தண்டனை: தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து ஒளித்துவைப்பது. குடித்தால்தானே போகும் என்ற கணக்கு. சிறுநீரகம் பழுதான நாயிடமும் நீரிழிவு நாயிடமும் இந்தக் கணக்கு உயிரையே வாங்கிவிடும். அவை அதிகம் குடிப்பதால் அதிகம் கழிப்பதில்லை. அதிகம் கழிந்து போவதை ஈடுகட்டத்தான் குடிக்கின்றன.

பால்கனி மூலையில் பழைய செய்தித்தாளோ மண் நிரப்பிய தட்டோ வைத்து, நடைபாதையில் அது நனைத்த காகிதத் துண்டு ஒன்றையும் அங்கே போட்டால் வாசனையைப் பிடித்துக்கொண்டு சில நாட்களில் பழகிவிடும். நண்பகலில் நிழலான படிக்கட்டுப் பக்கம் ஐந்து நிமிடம் இறக்கி ஏற்றினாலும் சரி. தண்ணீரை மண் சட்டியில், நிழலில், வீட்டின் இரண்டு மூன்று இடங்களில் வைக்க வேண்டும். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து மதியம் வரும் தண்ணீர் கொதிக்கும். காலையிலேயே பிடித்துவைப்பது நல்லது. உப்பில்லாத மோர்ச்சாதம் ஒத்துக்கொள்ளும் நாய்க்குக் கொஞ்சம் தரலாம். திராட்சையும் கிஸ்மிஸும் நாயின் சிறுநீரகத்துக்கு நஞ்சு.

கணக்குப் பார்ப்பது கடினமல்ல. காலையில் அரை லிட்டர் பாட்டிலிலிருந்து ஊற்றி, இரவில் மிஞ்சியதை அளந்தால் குடித்த அளவு ஏறக்குறையத் தெரிந்துவிடும். கூலர் ஓடும் அறையில் கொஞ்சம் ஆவியாகியிருக்கும், பரவாயில்லை. எத்தனை முறை கழித்தது, என்ன நிறம் என்று நாட்காட்டியில் குறித்துவைக்கலாம். வெள்ளைக் காகிதம் நிறத்தைக் காட்டிக்கொடுக்கும். ஈறைத் தொட்டால் வழுவழுவென்று ஈரமாக இருக்க வேண்டும். பிசுபிசுத்தால் தண்ணீர் போதவில்லை. சந்தேகம் வந்தால் காலையில் முதலில் போகும் சிறுநீரைச் சுத்தமான கரண்டியில் பிடித்து, மூடியுள்ள புட்டியில் ஊற்றி, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவரிடம் சேர்ப்பிக்கலாம். சர்க்கரை, புரதம், அடர்த்தி மூன்றையும் பார்க்கும் எளிய சோதனை பல கேள்விகளுக்கு விடை தரும். சிறுநீரகத்தில் முக்கால் பங்கு பழுதான பிறகுதான் ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறத் தொடங்கும். சிறுநீரின் அடர்த்தி அதற்கு முன்பே குறைந்துவிடும்.

வளர்ந்த நாய் 24 மணி நேரம் எதையும் தொடவில்லை, சாப்பிடாததோடு வாந்தியும் சேர்ந்தது, அரை நாளாகச் சிறுநீரே இல்லை, நிறம் சிவந்தது என்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம். சின்ன இனக் குட்டிகளுக்குச் சில மணி நேரப் பட்டினியே ரத்தச் சர்க்கரையை இறக்கிவிடும். வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, எச்சில் ஒழுகித் தள்ளாடினால், பிடித்துவைத்த தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி, விசிறிக் காற்றில் வைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மற்ற நாட்களில் தேவை ஒரு பாட்டில், ஒரு நாட்காட்டி, நாய் குனியும்போதும் காலைத் தூக்கும்போதும் கைபேசியிலிருந்து நிமிர்ந்து பார்க்கும் அரை நிமிடம். நாய்க்கு என்ன செய்கிறது என்று மருத்துவர் கேட்கும்போது "வெயில்தான் போலிருக்கு" என்பதைவிட "நேற்று 600 மில்லி குடித்தது, ஒன்பது முறை போனது" என்ற பதில் அவருக்கு ஆயிரம் மடங்கு பயன்படும்.